டீச்சர் ட்ரெயினிங்கா, கம்ப்யூட்டரா

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று என் மார்க்குகளிலேயே அதிகமாக இருந்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். எனக்கே சிரிப்பு வந்தது. அந்த இரண்டு வருடத்தில் நான் கம்ப்யூட்டரைத் தொட்ட நேரத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு நாள் பள்ளிக்கூடம் நடக்கிற நேரம் தேறாது.

நான் மரக்காணத்தில் ப்ளஸ் ஒன் சேர்ந்தது 2004இல். எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் ரூம் என்று ஒன்று இருந்தது. அந்த வருடம் டிசம்பரில் சுனாமி வந்தது. குப்பங்களில் வீடிழந்தவர்கள் பள்ளியில் வந்து தங்கினார்கள். கம்ப்யூட்டர் ரூமில் அரிசி மூட்டையும் போர்வைக் கட்டும் அடுக்கினார்கள். அதை யார் குறை சொல்ல முடியும்? எல்லாம் காலியான பிறகு திறந்து பார்த்தால் சில மெஷின்களுக்கு உயிரில்லை. மிச்சமிருந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு கும்பல். ஒருத்தி டைப் அடிப்பாள், ஒருத்தி மவுஸ் பிடிப்பாள், மற்றவர்கள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்போம். நான் குள்ளம். எனக்கு முன்னால் நிற்பவளின் ரிப்பன்தான் தெரியும். அதற்குள் கரண்ட் போய்விடும்.

அதனால் எங்கள் சார் சி ப்ளஸ் ப்ளஸ்ஸைப் போர்டில்தான் நடத்தினார். இடது பக்கம் புரோகிராமை எழுதுவார். வலது பக்கம் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு, "இதான் ஸ்கிரீன். இதுல என்ன வரும், சொல்லுங்க" என்பார். எனக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போனது. கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியிலிருந்து மெதுவாக இறங்கி வருவேன். இங்கே ஐந்து, அடுத்த சுற்றில் நாலு, அடுத்த சுற்றில் மூன்று என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். பாத்திரம் தேய்க்கும்போதும் ஏதாவது ஒரு புரோகிராம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். இதைப் படிப்பு என்று நான் நினைத்ததே இல்லை.

வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நான் டீச்சர் ட்ரெயினிங் சேர வேண்டும். அப்பா உப்பு லாரி ஓட்டினார். அம்மா உப்பளத்தில் கூலி வேலை. எங்கள் தெருவில் ஒரு பெண் டீச்சரானால் அந்தத் தெருவுக்கே மரியாதை வந்த மாதிரி. "ரெண்டே வருஷம், அப்புறம் கவர்மெண்ட் வேலை, உள்ளூர்லயே இருக்கலாம்" என்பார் அப்பா. ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ரிசல்ட் வந்த கையோடு விண்ணப்பமும் போட்டாகிவிட்டது. அழைப்பு வர வேண்டியதுதான் பாக்கி.

மார்க்கைப் பார்த்த பிறகு, திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இருப்பதாகக் கேள்விப்பட்டு, "அதைப் படிக்கட்டுமாப்பா?" என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

அப்பா சோற்றிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார். "கம்ப்யூட்டர் படிச்சவங்க என்ன பண்றாங்கன்னு நாளைக்குக் காட்டறேன். வண்டியில வா."

திண்டிவனம் ரோட்டில் லாரிகளுக்கு எடை போடுகிற எடை மேடை ஒன்று இருந்தது. அங்கே கண்ணாடி வைத்த சின்ன ரூமில் ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார். கிளியனூர்ப் பக்கத்தவர். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவர். லாரி மேடையில் ஏறி நின்றால் எடை கம்ப்யூட்டரில் தெரியும். அக்கா வண்டி நம்பரைத் தட்டுவார், பிரிண்டர் கிர்ர்ரென்று சீட்டைத் துப்பும். அவ்வளவுதான் வேலை. எங்கள் சுற்று வட்டாரத்தில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே கம்ப்யூட்டர் பட்டதாரி அவர்தான். எனக்குப் பயம் காட்ட அவரை விட்டால் ஆளில்லை.

மறுநாள் காலையில் லோடு வண்டியை எடை போட்டுவிட்டு ஓரமாக நிறுத்தி, அப்பா என்னை உள்ளே கூட்டிப்போனார்.

"ஏம்மா, இது என் பொண்ணு. கம்ப்யூட்டர் படிக்கணும்னு கேக்குது. நீ படிச்சவ. உள்ளதச் சொல்லு."

அக்கா சிரித்தார். "என்னண்ணா, என்னை வச்சு பயமுறுத்தலாம்னு கூட்டியாந்தீங்களா?"

அப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது. "பத்து நிமிஷத்துல கிளம்பிடுவோம். டயர் பாத்துட்டு வந்துடறேன்" என்று வெளியே போய்விட்டார்.

அக்கா என்னைப் பக்கத்து ஸ்டூலில் உட்காரச் சொன்னார். "ஏன் மா இதப் படிக்கணும்ங்கற?"

"மார்க் அதிகமா இருக்குதுக்கா."

"எனக்குக்கூட அதிகமாத்தான் இருந்துச்சு" என்றார். ரோட்டை எட்டிப் பார்த்தார். மேடையில் வண்டி எதுவும் இல்லை. "புரோகிராம் போட்டிருக்கியா? மெஷின்ல?"

"பேப்பர்லதான்க்கா."

அவர் மேஜை இழுப்பறையைக் குடைந்து, கீறல் விழுந்த ஒரு சி ப்ளஸ் ப்ளஸ் சிடியை எடுத்தார். கல்லூரியில் படித்தபோது வாங்கியதாம். வேலையில் சேர்ந்த புதிதில், மறந்துவிடக் கூடாது என்று கொண்டுவந்து வைத்தாராம். அதற்கப்புறம் தொடவே இல்லையாம். அதைப் போட்டு என்னென்னமோ தட்டினார். திரை முழுக்க நீலமானது. நாற்காலியை விட்டு எழுந்து, "உக்காரு. உனக்குப் புடிச்சது ஏதாவது அடி" என்றார்.

ஒரு எண் பகா எண்ணா இல்லையா என்று கண்டுபிடிக்கிற புரோகிராம் எனக்கு மனப்பாடம். மாடல் எக்ஸாமில் முழு மார்க் வாங்கித் தந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினேன். ஓட்டினால் எர்ரர் எர்ரராகக் கொட்டியது. ஓர் இடத்தில் அரைப்புள்ளி இல்லை, ஓர் இடத்தில் அடைப்புக்குறி மூடவில்லை, ஓர் இடத்தில் என்ன குறை என்றே தெரியவில்லை. நடுவில் லாரி வந்தால் அக்கா குனிந்து எடைத் திரைக்கு மாற்றிச் சீட்டு எடுத்துக் கொடுப்பார், பிறகு நீலத்துக்குத் திருப்பிவிடுவார். கடைசியில் எர்ரர் இல்லாமல் ஓடியது. ஏழு கொடுத்தேன். பகா எண் என்றது. ஒன்பது கொடுத்தேன். அதையும் பகா எண் என்றது.

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. அது கோபமோ அவமானமோ இல்லை. ஒளிந்து விளையாடும்போது பீரோவுக்குப் பின்னால் ஒரு கால் தெரிந்துவிட்டால் வருமே, அந்த மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியிலிருந்து இறங்கி வந்தேன். ஒன்பதை மூன்றால் வகுக்கலாம் என்று கண்டுபிடித்த பிறகும் என் புரோகிராம் அங்கே நிற்கவில்லை. அடுத்து நாலுக்குப் போய், நாலால் வகுபடவில்லையே, அப்படியானால் பகா எண்தான் என்று சொன்ன பேச்சை மாற்றிக்கொண்டிருந்தது. முழு மார்க் வாங்கிய புரோகிராம்! சார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை. ஒரு வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன். ஒன்பது பகா எண் இல்லை. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அதற்கப்புறம் நூற்று ஒன்று, ஆயிரத்து ஒன்று, எங்கள் லாரி நம்பர் என்று கொடுத்துக்கொண்டே இருந்தேன். அக்கா டிபன் பாக்ஸைத் திறந்தபோதுதான் மத்தியானம் ஆகிவிட்டது தெரிந்தது.

பதறிப்போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். லாரி அங்கேயே நின்றது. அப்பா தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நேரமா அதைத்தான் பண்றாரு" என்றார் அக்கா. "கட்டறாரு, எட்டிப் பாக்கறாரு, அவுக்கறாரு. பின்னாடி வந்த லோடு வண்டியெல்லாம் போயிடுச்சு. ஒரு டிரைவர், 'ஏம்பா, வண்டி ரிப்பேரா?'ன்னு கேட்டான். 'ஆமா, போப்பா'ன்னு அனுப்பிட்டாரு."

உப்பு லோடு தாமதமானால் அப்பா யாரிடம் பேச்சு வாங்குவார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கும் வாங்கியிருப்பார். அதைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை.

அவர் உள்ளே வந்து, "என்னம்மா சொன்ன?" என்று அக்காவிடம்தான் கேட்டார்.

"நான் எதுவுமே சொல்லலண்ணா. மெஷின்தான் தப்பு தப்புன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. உங்க பொண்ணு எழுந்திரிக்கல." அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "எனக்கு இது ஒத்துவரலண்ணா. எல்லாரும் சேர்ந்தாங்கன்னு சேர்ந்துட்டேன். எர்ரர் வந்தா எனக்கு அழுகை வரும். மூணு வருஷமும் அப்படித்தான் போச்சு. இந்த வேலை எனக்கு சரியா இருக்குது, சாயங்காலமானா வீட்டுக்குப் போயிடறேன். எனக்கொண்ணும் குறை இல்ல. ஆனா இது எர்ரரப் பாத்து சிரிக்குதுண்ணா. நான் அப்படி சிரிச்சவங்கள என் கிளாஸ்ல ரெண்டு மூணு பேரத்தான் பாத்திருக்கேன். அவங்க இப்ப எங்கயோ இருக்காங்க."

இதைச் சொல்ல அவருக்கு என்ன அவசியம்? ஒத்துவராத ஒன்றைப் படித்தேன் என்று ஒரு லாரி டிரைவரிடமும் அவர் மகளிடமும் ஒப்புக்கொள்வது சின்ன விஷயம் இல்லை. எனக்குப் பதினேழு வயது, அப்போது அது புரியவில்லை. இன்று புரிகிறது.

அப்பா என்னை ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஏற்றிவிட ரோட்டோரம் நின்றார். பஸ் தூரத்தில் தெரிந்ததும், "காலேஜ்ல ஃபாரம் எப்பக் குடுக்கறாங்களாம்?" என்று கேட்டார்.

அப்படித்தான் 2006 ஜூனில் நான் கல்லூரியில் சேர்ந்தேன். கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கல்லூரியில் எல்லாம் இங்கிலீஷ். லெக்சரர்கள் போர்டில் எழுதினால் எனக்குப் புரியும். திரும்பி நின்று பேச ஆரம்பித்தால் காதில் மழை பெய்கிற சத்தம்தான். எல்லோரும் சிரித்தால் நானும் சிரிப்பேன். எல்லோரும் எழுதினால் நானும் பேனாவைப் பிடித்துக்கொள்வேன். கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று முன்னால் இருப்பவளின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கி உட்காருவேன். பஸ் வழியில் பிரம்மதேசம் தாண்டும்போதே இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்ற ஆரம்பித்துவிடும். வீட்டில் கேட்டால் "நல்லாப் போகுதும்மா" என்பேன்.

இப்படி இருக்கும்போது, ஜூலையில், டீச்சர் ட்ரெயினிங் கவுன்சலிங்குக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. என் மார்க்குக்குக் கட்டாயம் சீட் கிடைக்கும். தமிழில் படிக்கலாம். யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். அப்பா முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "ஒருதரம் யோசிச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார். லாரி முதலாளியிடம் அந்த நாளுக்கு முன்கூட்டியே லீவும் சொல்லிவிட்டார்.

உண்மையைச் சொன்னால், நான் போவதென்று முடிவு செய்துவிட்டேன். என்னைக் காப்பாற்ற வந்த கடிதம் மாதிரி இருந்தது. மறுநாள் கல்லூரிக்குப் போனதே, லேபில் வாங்கி வைத்திருந்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான்.

அன்று லேபில் என் பக்கத்து மெஷின் பெண் அழுவது போல உட்கார்ந்திருந்தாள். திண்டிவனத்துக்காரி. இங்கிலீஷ் மீடியம். வீட்டிலேயே கம்ப்யூட்டர் உண்டு. அவள் விரல்கள் தையல் மெஷின் ஊசி மாதிரி ஓடும். அவளோடு அதுவரை நான் பேசியதே இல்லை. அவள் புரோகிராம் ஓட ஆரம்பித்தால் நிற்கவே இல்லை. திரை முழுக்க ஒரே எண் கொட்டிக்கொண்டிருந்தது.

நான் எட்டிப் பார்த்தேன். பழக்கதோஷம், மனசுக்குள் முதல் வரியிலிருந்து இறங்க ஆரம்பித்தேன். "'ஐ'ங்கற எழுத்தோட மதிப்பு ஏறவே இல்லையே. அதை ஏத்தற வரிய, சுத்திச் சுத்தி ஓடற லூப்புக்கு வெளிய போட்டிருக்கீங்க" என்றேன்.

அவள் மாற்றினாள். நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ரன்கூடப் பண்ணாம எப்படிக் கண்டுபிடிச்ச?"

"எங்க ஸ்கூல்ல ரன் பண்ண மெஷின் கிடையாது. அதனால மண்டையிலதான் ஓட்டுவோம்."

அவள் சிரிக்கவில்லை. "எனக்கும் அப்படி ஓட்டச் சொல்லிக் குடேன்" என்றாள். பிறகு, "ஆமா, நீ ஏன் கிளாஸ்ல வாயே திறக்க மாட்டேங்கற?" என்று கேட்டாள்.

இங்கிலீஷ் புரியவில்லை என்று முதன்முதலாக ஒருத்தியிடம் சொன்னேன். சொன்னதும் பாதி பாரம் இறங்கிவிட்டது. "அவ்ளோதானா? மத்தியானம் சாப்பிடும்போது அன்னைக்கு நடத்தினதை நான் தமிழ்ல சொல்றேன்" என்றாள். சொல்லவும் செய்தாள். பரீட்சை வரைக்கும், அதற்கப்புறமும். அவள் மட்டும் அன்று வேறு மெஷினில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பயமாக இருக்கும்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனால் முடிவும் எடுக்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். ஜூலை மாதம், உப்பு நன்றாக விளையும் நேரம். பாத்தி பாத்தியாக வெள்ளை. கீழே பார்த்தாலும் கண் கூசும், மேலே பார்த்தாலும் கூசும். அம்மா தலைச்சுமையை உப்பு அம்பாரத்தில் கொட்டிவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். அவள் சாப்பிடும்போது எல்லாவற்றையும் கொட்டினேன். இங்கிலீஷ் புரியாதது, பொய் சொன்னது, லேபில் நடந்தது, கவுன்சலிங்.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. நான் சொன்னதில் அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ. முழுசாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"டீச்சர் வேலையில வெயில் உண்டா?"

"இல்லம்மா. கிளாஸ்லதான இருப்பாங்க."

"கம்ப்யூட்டர் வேலையில?"

"அதுல ஏசி போட்டிருப்பாங்க. குளிரும்."

"அப்ப ரெண்டும் நிழல்தான்" என்றாள் அம்மா. "ரெண்டும் நிழல்னா அப்புறம் என்னாத்துக்குடி இவ்ளோ யோசனை? புடிச்சத படி."

"புரியலன்னா என்னம்மா பண்றது?"

"அதான் அந்தப் பொண்ணு சொல்லித் தர்றேன்னு சொல்லிட்டாளே." கடைசிக் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு அளத்தைப் பார்த்தபடி சொன்னாள். "நான் இங்க வந்தப்ப புடிச்சிருக்குதான்னு என்னை யாரும் கேக்கல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னே எனக்குத் தெரியல. உனக்கு எது புடிக்குதுன்னு உனக்காவது தெரியுதே. அதுவே பெரிசு."

தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் காலி டிபன் பாக்ஸோடு வரப்பில் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வந்தது. ஆனால் என் முடிவைப் பற்றி அதற்கப்புறம் ஒரு நாளும் நான் குழம்பியதில்லை.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் பேப்பரில் தட்டுத்தடுமாறித் தேறினேன். புரோகிராமிங்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தேன். மேலே படித்தேன். சென்னையில் வேலை கிடைத்தது. அடுத்தவர்கள் எழுதிய புரோகிராமில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் என் வேலை. இதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பது சில காலைகளில் இன்னும் நம்ப முடியாததாக இருக்கிறது. அந்தத் திண்டிவனத்துப் பெண் இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். என் குழந்தைக்குப் பெயர் தேடித் தந்தவள் அவள்தான். நான் எடுக்காத டீச்சர் ட்ரெயினிங் சீட் வேறு யாரோ ஒரு பெண்ணுக்குப் போயிருக்கும். அவள் யாரென்று தெரியாது. நல்ல டீச்சராகியிருப்பாள்.

ஆனால் கவுன்சலிங்குக்குப் போகப்போவதில்லை என்று அப்பாவிடம் எப்படிச் சொன்னேன் என்பதைச் சொல்லவில்லையே. நான் சொல்லவே இல்லை. அம்மா சொல்லிவிட்டாள். அப்பா இரண்டு நாள் என்னிடம் அதிகம் பேசவில்லை. கோபம் இல்லை. ஏமாற்றம். அது அவர் பல வருடமாகச் சேர்த்து வைத்திருந்த ஆசை. அதைக் கைவிட அவருக்கும் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது.

கவுன்சலிங் நாளன்று காலையில் நான் கல்லூரிக்குக் கிளம்பினால், அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"எங்கப்பா?"

"லீவு போட்டாச்சு. வீணாவா போகணும்? உன் காலேஜ பாத்துட்டு வர்றேன்."

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர சீட்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆயுசு முழுக்க ஸ்டியரிங் பிடித்தவருக்குச் சும்மா உட்கார வரவில்லை. வளைவு வந்தால் வலது கால் தரையை அழுத்தியது. எதிரே லாரி வந்தால் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். "என்னா ஓட்டறான் பாரு" என்று முணுமுணுத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நடு வழியில் ஏறி அவருக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு பெரியவர், என் மடியிலிருந்த தடிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "பொண்ணு என்ன படிக்குதுங்க?" என்று கேட்டார்.

அப்பா என் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்து, அட்டையைப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்க அவருக்கு நேரம் பிடித்தது. பஸ் குலுங்கியது. பெரியவர் கம்பியைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்றார் அப்பா, பக்கத்து சீட்டுக்காரர்களும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக. "என் பொண்ணுதான். அதுவாவே புடிச்சு எடுத்துக்கிச்சு."